ஸ்லைடிங் கதவும் தாழ்ந்த தரையும்: பழைய சிறிய மினிவேனைத் தேடிப் போவது ஏன்

நெருக்கமான ஒரு பார்க்கிங். இரண்டு பக்கமும் வண்டிகள். இடையில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கத்தான் இடம். பின் இருக்கையில் குழந்தை தூங்குகிறது. சாதாரணக் காராக இருந்தால் கதவைக் கால்வாசி திறந்து, அது பக்கத்து வண்டியில் இடிக்காமல் முழங்காலால் தாங்கிக்கொண்டு, இடுப்பை வளைத்து, பிள்ளையின் தலை மேல்சட்டத்தில் படாமல் வெளியே எடுக்க வேண்டும். ஸ்லைடிங் கதவுள்ள சிறிய மினிவேனில் கைப்பிடியை இழுத்ததும் கதவு ஒரு சாணுக்கும் குறைவாக வெளியே வந்து, வண்டியின் உடம்பை ஒட்டியபடியே பின்னால் போய்விடும். முழு வாசலும் திறந்து நிற்கும். நின்ற நிலையிலேயே குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளலாம்.

இந்த ஒரு கதவுக்காகவே இப்படிப்பட்ட வண்டியை வாங்கலாம் என்பேன். மற்றவை எல்லாம் அதற்கு மேல் கிடைப்பவை: தாழ்ந்த தரை, பெரிய கண்ணாடிகள், தேவைக்கேற்ப மடியும் இருக்கைகள், கார் போலவே ஓடும் சுபாவம். இங்கே 'சிறிய' என்று சொல்வது 4.3 மீட்டரிலிருந்து 4.6 மீட்டர் வரை நீளமுள்ள வண்டிகளை. ஒரு நடுத்தர செடான் நிற்கும் இடத்தில் இதுவும் நிற்கும். ஆனால் ஆறு அல்லது ஏழு இருக்கைகள் இருக்கும்.

இந்த வடிவம் திடீரென்று வந்ததில்லை. 1982-இல் வந்த நிசான் பிரெய்ரி, இரண்டு பக்கமும் ஸ்லைடிங் கதவுகளோடு, கதவுகளுக்கு நடுவே தூணே இல்லாமல் வந்தது. அடுத்த ஆண்டு மிட்சுபிஷி சாரியட் மூன்று வரிசை இருக்கைகளை ஒரு காரின் அளவுக்குள் அடக்கிக் காட்டியது. ஐரோப்பாவில் இந்த ரகத்தைப் பரவலாக்கியது ரெனோவின் மெகான் சீனிக். 1996-இல் வந்து, 1997-ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் விருதைப் பெற்றது. ஆனால் அதில் பின் இருக்கைகளைக் கழற்றித் தூக்கி வெளியே எடுக்க வேண்டும். எடுத்ததை வைக்க வீட்டில் இடம் வேண்டும். 1999-இல் ஓப்பல் ஸஃபீரா அந்தச் சிக்கலை அவிழ்த்தது: மூன்றாம் வரிசை தரைக்குள்ளேயே மடிந்து மறைந்துவிடும், எதையும் கழற்ற வேண்டியதில்லை. அதன்பின் வந்த ஏழு இருக்கை வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் போயின. ஹோண்டா ஸ்ட்ரீம் 2000-இலும், டொயோட்டா விஷ், ஃபோக்ஸ்வாகன் டூரான் இரண்டும் 2003-இலும் வந்தன. 2005-இல் மாஸ்டா 5 ஸ்லைடிங் கதவையும் கார் போன்ற ஓட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்தது. வட அமெரிக்காவில் அது ஆறு இருக்கைகளோடு, ஐந்து கியர் மேனுவலோடுகூட விற்றது. அமெரிக்காவில் 2015 மாடலோடு நின்றுபோனது.

பிறகு எஸ்யூவி போல உயர்ந்து நிற்கும் கிராஸ்ஓவர் கார்களின் மோகம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. சீனிக் என்ற அதே பெயர் 2024-இல் மறுபடி ஐரோப்பியக் கார் விருதை வாங்கியது; இந்த முறை மின்சாரக் கிராஸ்ஓவராக. புதிதாக வாங்க நினைப்பவருக்கு இந்த அளவில் ஸ்லைடிங் கதவுள்ள மினிவேன்கள் ஜப்பான் போன்ற சில சந்தைகளில்தான் ஓரளவு கிடைக்கின்றன. ஆகவே பழையதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பழையது என்பதால் எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியபின் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டி வடிவத்தின் கணக்கு

இரண்டாம் தலைமுறை மாஸ்டா 5-இன் அளவுகளை எடுத்துக்கொள்வோம். நீளம் 4,585 மி.மீ., அகலம் 1,750 மி.மீ., உயரம் 1,615 மி.மீ., முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,750 மி.மீ. நீளத்தில் பாதிக்கு மேல் இரண்டு அச்சுகளுக்கு நடுவே இருக்கிறது. எஞ்சின் முன்னால் குறுக்காகக் கிடக்கிறது. முன் சக்கர இழுவை என்பதால் தரைக்கடியில் பின்னோக்கி ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இல்லை. எனவே தரையைத் தாழ்வாக வைக்க முடிகிறது. தரை தாழ்ந்தால் இருக்கையை நாற்காலி உயரத்துக்கு ஏற்றலாம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் கீழே மடங்கும், முன்னால் நீளாது. ஒரு வரிசைக்கு வேண்டிய நீளம் குறைகிறது. மூன்றாம் வரிசைக்கு இடம் வந்தது இந்தக் கணக்கில்தான்.

உட்காரும் உயரம்தான் வயதானவர்களுக்குப் பெரிய வரம். செடானில் 'விழுந்து' உட்கார வேண்டும். உயரமான வண்டியில் ஏற வேண்டும். இதில் இருக்கையின் விளிம்பு ஏறக்குறைய இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே வைத்தால் போதும். முட்டி வலி உள்ளவரை ஒருமுறை உட்காரவைத்துப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது.

ஜன்னலின் கீழ்விளிம்பும் தாழ்வு. பின்னால் உட்கார்ந்த குழந்தைக்கு வெளியே தெரியும். கண் பார்ப்பதும் உடம்பு உணர்வதும் ஒத்துப்போனால் பயணக் குமட்டல் குறையும்; உயர்ந்த கதவும் ஒடுங்கிய கண்ணாடியுமாக வரும் இன்றைய வண்டிகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓட்டுபவருக்கும் நான்கு பக்கமும் நன்றாகத் தெரியும். ஒரே குறை முன்கண்ணாடியை ஒட்டிய தூண்கள். அவை நன்றாகச் சாய்ந்து நீண்டு வருவதால், வளைவில் திரும்பும்போது நடந்து போகிறவரையே மறைத்துவிடும். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

ஏழு இருக்கை என்றால் ஏழு பெரியவர்கள் என்று பொருளில்லை

மூன்றாம் வரிசையை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. அதில் உட்காருபவரின் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே அதிக இடைவெளி இருக்காது. முழங்கால் உயர்ந்து நிற்கும். பிள்ளைகளுக்கும், ஒல்லியான பெரியவருக்கு அரை மணி நேரப் பயணத்துக்கும் சரி. பெரும்பாலான நாட்கள் அதை மடக்கி வைத்து, மிகப் பெரிய டிக்கியுள்ள நான்கைந்து பேர் வண்டியாக ஓட்டுவதே இதன் சரியான பயன்பாடு. மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கும்போது டிக்கியில் நிற்கவைத்த இரண்டு சிறிய பெட்டிகளுக்கு மேல் போகாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எடையிலும் கவனம் வேண்டும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இருக்கும். அதிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் ஆட்களுக்கும் சாமானுக்கும் சேர்த்த அளவு. இந்த ரகத்தில் அது பெரும்பாலும் 500 கிலோவை ஒட்டியே வரும். எழுபது கிலோ வீதம் ஏழு பேர் என்றாலே 490 கிலோ. சாமானுக்கு எதுவும் மிஞ்சாது. முழு ஆளோடு போகிற நாளில் அதே தகட்டில் முழுச் சுமைக்கென்று தனியாகக் கொடுத்திருக்கும் காற்றழுத்தத்தைப் பின் டயர்களில் வைக்க வேண்டும்.

டயரில் ஓர் எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. 205/55 ஆர்16 என்ற அளவுக்குப் பின்னால் 91 என்று இருந்தால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 94 என்றால் 670 கிலோ. அளவு ஒன்றே என்று செடானுக்குரிய 91-ஐ மாட்டிவிடும் கடைகள் உண்டு. நிறுவனம் கேட்ட எண்ணுக்குக் குறையாமல் வாங்குங்கள். டயரின் வயது பக்கச்சுவரில் நான்கு இலக்கமாக இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். டயரின் பள்ளங்கள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருடமான டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

ஆறா, ஏழா என்று கேட்டால் ஆறுக்கே என் ஓட்டு. நடுவரிசையில் இரண்டு தனி இருக்கைகள் இருந்தால் அவற்றுக்கு இடையே புகுந்தே மூன்றாம் வரிசைக்குப் போகலாம். குழந்தை இருக்கையைக் கழற்றவோ நகர்த்தவோ வேண்டாம். ஏழு இருக்கை வண்டிகளில் ஒருபக்கக் குழந்தை இருக்கையைக் கழற்றினால்தான் பின்னால் ஏற முடியும் என்ற நிலை அடிக்கடி வரும். மாஸ்டா இதற்குக் 'கராகுரி' என்ற ஓர் ஏற்பாடு செய்தது: நடுவிலிருக்கும் ஏழாவது இருக்கை, பக்கத்து இருக்கையின் மெத்தைக்கு அடியில் மடிந்து ஒளிந்துகொள்ளும். குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பல வண்டிகளில் நடுவரிசையில் மட்டுமே இருக்கும். மூன்று பிள்ளைகள் உள்ளவர்கள் வாங்குவதற்கு முன்பே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிடுங்கள்.

வாங்கப் போகும்போது: முதலில் கதவு

எஞ்சினைப் பிறகு பார்க்கலாம். இந்த வண்டியின் உயிர் கதவில் இருக்கிறது.

ஒவ்வொரு ஸ்லைடிங் கதவும் மூன்று இடங்களில் ரோலரில் ஓடுகிறது. மேலே கூரை ஓரத் தண்டவாளத்தில் ஒன்று. நடுவில், பின் ஜன்னலுக்குக் கீழே வெளியே தெரியும் பள்ளத்தில் ஒன்று. கீழே படிக்கட்டுக்கு அடியில் ஒன்று. கதவின் எடையை முக்கியமாகக் கீழ் ரோலரும் நடு ரோலரும் சுமக்கின்றன. மேலே உள்ளது கதவு சாயாமல் பிடிக்கிறது. மணலும் பிஸ்கட் தூளும் முடியும் சேர்ந்து கீழ்த் தண்டவாளத்தில் கெட்டியாகும். ரோலரின் பேரிங் இறுகும். அதற்குமேல் ரோலர் உருளாது, தேயும். ஒருபக்கம் தட்டையான ரோலர் கதவைச் சில மில்லிமீட்டர் கீழே இறக்கும். இறங்கிய கதவின் பூட்டு, தூணிலுள்ள கொக்கியில் சரியாக உட்காராது. பிறகு ஒவ்வொரு முறையும் ஓங்கி அறைந்து சாத்த வேண்டியிருக்கும். அந்த அடியில் பூட்டும் போகும்.

சோதிப்பது சுலபம். கதவைப் பாதி திறந்து, பின் கீழ் மூலையை இரண்டு கையாலும் மெல்லத் தூக்குங்கள். இலேசான அசைவு இயல்பு. 'லொடக்' என்று தூக்கி இறங்கினால் ரோலர் தேய்ந்திருக்கிறது. பூட்டுக் கொக்கியில் ஒருபக்கம் மட்டும் பெயின்ட் உரிந்து பளபளத்தாலும் கதவு இறங்கியிருக்கிறது என்று பொருள். முழுத் தூரமும் இரண்டு விரலால் தள்ளிப் பாருங்கள். நடுவில் எங்கே கனக்கிறதோ அங்கே தண்டவாளத்தில் நெளிவோ அழுக்கோ இருக்கும். ஏற்றத்தில் நிறுத்தி ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை திறந்து, முழுவதும் திறந்த நிலையில் கதவு கொக்கி போட்டு நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காத கதவு குழந்தையின் கையை நசுக்கும். இந்தக் குறை உள்ள வண்டியை மட்டும் எடுக்காதீர்கள்.

மோட்டாரில் ஓடும் கதவு பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அதில் கம்பிவடம், கிளட்ச், சென்சார் எல்லாம் கூடுதல். வடம் பிரிந்து போனால் செலவு கதவின் மதிப்பையே தாண்டும். பழைய வண்டியில் கையால் இழுக்கும் கதவே மேல். எதுவானாலும் பெட்ரோல் மூடி உள்ள பக்கத்துக் கதவை, மூடியைத் திறந்துவைத்து இழுத்துப் பாருங்கள். பல மாடல்களில் கதவு மூடியில் இடிக்காமலிருக்க ஒரு தடுப்பு உண்டு. அது உடைந்திருந்தால் பங்க்கில் ஒருநாள் கதவு மூடியைப் பெயர்த்துவிடும்.

பராமரிப்பு ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரு கதவுக்கு இருபது நிமிடம். வாக்குவம் குழாயால் தண்டவாளத்தை உறிஞ்சுங்கள். பழைய டூத் பிரஷ்ஷால் மூலைகளைச் சுரண்டுங்கள். டிகிரீசர் நனைத்த துணியை ஒரு ஸ்க்ரூடிரைவரில் சுற்றிப் பழைய கறுப்புக் கிரீஸை வழித்தெடுங்கள். காய்ந்ததும் சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் தண்டவாளத்தில் தடவுங்கள். ரோலர் ஊசியிலும் கை போன்ற தாங்கியின் மூட்டிலும் மட்டும் வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு பொட்டு. தண்டவாளம் முழுக்க எஞ்சின் ஆயிலோ கெட்டிக் கிரீஸோ ஊற்றுவது பெரிய தவறு. ஒரே மாதத்தில் அது மண்ணைப் பிடித்து உப்புத்தாள் போல ரோலரைத் தின்னும்.

நடு ரோலரை மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. இருவர் வேண்டும். ரோலர் தாங்கியைக் கதவோடு பிணைக்கும் போல்ட்டுகளைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கதவின் சீரமைவு அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. கதவின் பின் அடிப்பகுதியில் துணி சுற்றிய மரக்கட்டையை வைத்து ஜாக்கியால் எடையை மட்டும் தாங்கவையுங்கள், தூக்க வேண்டாம். தண்டவாளத்தின் கடைசி மூடியை எடுத்து, போல்ட்டுகளைக் கழற்றி, பழையதை உருவிப் புதியதை அதே கோட்டில் இறுக்குங்கள். மூன்று ரோலரையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒன்றை முடித்துக் கதவைச் சாத்திப் பார்த்துவிட்டே அடுத்தது.

கதவின் ஜன்னலோ சென்ட்ரல் லாக்கோ மட்டும் வேலை செய்யவில்லை என்றால் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் ஒயர் போகும் பாதையைப் பாருங்கள். சிலவற்றில் சங்கிலி போன்ற உறைக்குள் ஒயர் கதவோடு நகரும். மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும். சிலவற்றில் கதவு சாத்தும்போது மட்டும் தொடும் ஸ்பிரிங் ஊசிகள் தூணில் இருக்கும். அவற்றைக் கான்டாக்ட் கிளீனரால் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

துருவும் தண்ணீரும்

பழைய மினிவேன்களை எஞ்சினை விடத் துருதான் அதிகம் கொல்கிறது. சாலையில் உப்பு தூவும் இடங்களிலும் கடலோரங்களிலும் ஓடியவற்றில் முதலில் போவது பின் சக்கர வளைவு. அங்கே வெளித்தகடும் உள்தகடும் மடித்துச் சேரும் விளிம்பு உண்டு. சக்கரம் வாரியடிக்கும் சேறு அதில் தங்கி ஈரம் காயாமலே இருக்கும். பெயின்ட்டில் மிளகளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளிருந்து அரித்து வந்து இப்போதுதான் வெளியே எட்டிப் பார்க்கிறது என்று கொள்ளுங்கள். விரலை விளிம்புக்குள் விட்டு வளைவு முழுக்கத் தடவுங்கள். செதில் செதிலாக வந்தால் டிங்கரிங் வேலை நிச்சயம். வழுவழுவென்று தடித்திருந்தால் பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள். மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம் இரும்பில் ஒட்டும், பட்டியில் நழுவும்.

அடுத்தது கீழ்த் தண்டவாளம் ஓடும் படிக்கட்டுப் பெட்டி. அதில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், அடைத்துக்கொண்டால் தொட்டியாகிவிடும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஜாக்கி வைக்கும் விளிம்பு, பின் சப்ஃபிரேம் (பின் சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டம்), பிரேக் குழாய் மூன்றையும் டார்ச் அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மேல்துரு பரவாயில்லை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டும்போது 'டங்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்று கேட்டால் வேறு வண்டி பாருங்கள்.

பின்புறத் தரைவிரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி பள்ளத்தைப் பாருங்கள். தண்ணீர்க் கோடோ பூஞ்சை வாசனையோ இருந்தால் எங்கிருந்தோ ஒழுகுகிறது. பெரும்பாலும் பின் விளக்கின் ரப்பர் கேஸ்கெட், கூரைக் கம்பியின் அடிப்பகுதி, டிக்கிக் கதவின் ரப்பர், சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகுழாய், இந்த நான்கில் ஒன்று. கண்டுபிடிக்க ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும். மற்றவர் அழுத்தமில்லாத குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து தொடங்கி ஐந்து நிமிடத்துக்கு ஓர் இடமாக மேலே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், ஒழுகும் இடம் தெரியாது. முன் பயணியின் காலடி மட்டும் நனைந்திருந்தால் அது மழைநீர் என்றே முடிவு செய்யாதீர்கள். ஏசி வடிகுழாய் அடைத்திருக்கலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது காதில் விழ வேண்டியவை

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருங்கள். நீங்கள் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆன முதல் இரண்டு மூன்று நொடி செயின் 'கரகர'த்தால் டைமிங் செயினோ அதன் டென்ஷனரோ தளர்ந்திருக்கலாம். பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொண்டு, பெல்ட், டென்ஷனர், அதே பெல்ட்டில் ஓடினால் வாட்டர் பம்ப் மூன்றின் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். வண்டியின் விலைக்கே வேலை வந்துவிடும்.

மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது 'டக் டக்' என்று சின்னச் சத்தம் முன்னாலிருந்து வந்தால் ஸ்டெபிலைசர் லிங்க். மலிவான வேலை. பிரேக் அடிக்கும்போது ஒரே ஒரு 'டொக்' என்றால் லோயர் ஆர்ம் புஷ். வேகத்தோடு ஏறும் ரீங்காரம் வீல் பேரிங்கும் ஆகலாம், டயரும் ஆகலாம். இடப்பக்கம் மெல்ல வளைக்கும்போது எடை வலச்சக்கரத்துக்குப் போகும், அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங். பிரேக்கை மிதித்தபடி கியரை டி-யில் வைத்து நிற்கும்போது ஸ்டியரிங்கும் இருக்கையும் நடுங்கினால் எஞ்சின் மவுன்ட்டின் ரப்பர் போயிருக்கிறது. இந்த வண்டிகளில் பின் ஷாக் அப்சார்பர்கள் காரை விடச் சீக்கிரம் தேய்வது இயல்பு. எப்போதும் ஆளும் சாமானுமாக ஓடுகிறவை. பின் டயரை உட்பக்கம் கையால் தடவிப் பாருங்கள். உள்விளிம்பு மட்டும் ரம்பம் போலத் தேய்ந்திருந்தால் பின் சக்கரக் கோணம் மாறியிருக்கிறது. புஷ்ஷைப் பார்க்காமல் அலைன்மென்ட் மட்டும் செய்வது வீண்.

கியர்பாக்ஸில் என் தேர்வு முதலில் மேனுவல், அடுத்தது எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் உள்ள பழைய பாணி ஆட்டோமேடிக். அந்தக் காலச் சிவிடியையும் (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேடிக்) உலர் இரட்டைக் கிளட்ச் பெட்டிகளையும் முழுப் பராமரிப்புப் பதிவு இருந்தால் மட்டும் பாருங்கள். பள்ளிக்கூடம், கடை என்று குறுகிய தூரம் ஓடும் குடும்பத்துக்கு டீசல் வேண்டாம். எஞ்சின் சூடாகி ஃபில்டரில் சேரும் கரியை எரிக்கும் முன்பே வண்டியை நிறுத்திவிடுவீர்கள். கரி அடைந்துகொண்டே போகும்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழுக்கலில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் இஎஸ்சி உள்ளதை எடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் அது 2014-இல்தான் கட்டாயமானது. அதற்கு முந்தையவற்றில் சில ரகங்களில் மட்டும் இருக்கும். பக்கவாட்டு ஏர்பேக் திரை மூன்றாம் வரிசை வரை வருகிறதா என்று தூண்களில் உள்ள எழுத்தைப் பாருங்கள். டகாட்டா நிறுவனம் செய்த குறைபாடுள்ள ஏர்பேக்குகளை மாற்றும் ரீகால் பல நிறுவனங்களின் வண்டிகளைத் தொட்டது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, மாற்றியாகிவிட்டதா என்று நிறுவனத்திடம் உறுதி செய்யாமல் குடும்பத்தை ஏற்ற வேண்டாம்.

வாங்கிய முதல் மாதம்

பழைய வண்டி வாங்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும். அது ரிப்பேருக்கு என்பதை விட, கணக்கைப் புதிதாகத் தொடங்குவதற்கு. எஞ்சின் ஆயில், அதன் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் எல்லாம் அன்றே. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதைப் பெரும்பாலோர் மாற்றியிருக்க மாட்டார்கள். முழு ஆளோடு மலையிறங்கும்போது அந்த ஈரம் கொதித்துப் பெடல் தரையைத் தொடும். கூலன்ட்டின் நிறத்தை நம்பிக் கலக்காதீர்கள், வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையை மட்டும் ஊற்றுங்கள்.

ஆட்டோமேடிக் கியர் ஆயிலை 'ஆயுளுக்கும் போதும்' என்று விட்டிருப்பார்கள். அழுத்தம் கொடுத்துக் கழுவுவதை விட, வடித்து ஊற்றுவதை மும்முறை செய்வது நல்லது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்தம் 8 லிட்டர் கொள்ளும் பெட்டியில் ஒருமுறை வடித்தால் 3.5 லிட்டர்தான் வரும், மிச்சம் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். முதல் முறையில் 44 சதவீதம் புதிது. இரண்டாவதில் 68. மூன்றாவதில் 82. ஒவ்வொரு முறைக்கும் நடுவே சில நூறு கிலோமீட்டர் ஓடட்டும். வடித்ததை அளந்து, வெளியே வந்த அதே அளவை உள்ளே ஊற்றி, பிறகு புத்தகம் சொல்லும் சூட்டில் மட்டத்தைச் சரிபாருங்கள். வடிகால் மூடியின் காந்தத்தில் மாவு போன்ற கறுப்புப் பசை இருப்பது இயல்பு. உலோகச் சில்லுகள் இருந்தால் பெட்டி தேய்ந்துகொண்டிருக்கிறது.

கடைசியாக டிக்கிக் கதவு. அகலமான, கனமான கதவு அது. தூக்கி நிறுத்துபவை இரண்டு கேஸ் ஸ்ட்ரட்டுகள். குளிர்ந்த காலையில் கதவு தானாக இறங்கினால் அவற்றின் அழுத்தம் போய்விட்டது, அடுத்து உங்கள் தலையில்தான் இறங்கும். ஸ்ட்ரட்டின் உடம்பில் நியூட்டன் கணக்கில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதே எண்ணுள்ள இரண்டையும் சேர்த்து வாங்குங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு முறுக்கும். கதவைத் தடித்த கம்பால் முட்டுக் கொடுங்கள். பந்து மூட்டிலுள்ள கம்பி வளையத்தைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் பாதி மட்டும் நெம்புங்கள், முழுவதும் எடுத்தால் பறந்து காணாமல் போகும். ஸ்ட்ரட் கையோடு வந்துவிடும். புதியதை மாட்டும்போது கதவு சாத்திய நிலையில் மெல்லிய தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். உள்ளே இருக்கும் துளி எண்ணெய் அப்போதுதான் கீழே தேங்கி சீலை நனைத்துக்கொண்டிருக்கும். தலைகீழாக மாட்டினால் சீல் காய்ந்து, சீக்கிரமே மறுபடி கம்பைத் தேட வேண்டியிருக்கும்.